அவன் அப்பனும் அப்படித்தான்!

கேள்வி: பேரனுக்கு இரண்டரை வயது. இன்னும் ‘அம்மா’கூடச் சொல்லவில்லை. “அவன் அப்பனே நாலு வயசில்தான் வாயைத் திறந்தான், பொறுங்க” என்கிறாள் என் மனைவி. பொறுக்கலாமா? - ஒரு தாத்தா, தென்காசி.

பதில்: பேருந்துக்குப் பொறுக்கலாம் ஐயா, பேச்சுக்கு வேண்டாம். நாக்கில் வசம்பு தேய்த்தாகியிருக்கும். குலதெய்வத்துக்கு மணியும் நேர்ந்திருப்பீர்கள். காதைப் பரிசோதித்தீர்களா? கேட்காத குழந்தை எப்படிப் பேசும்? முதலில் அது. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டாலே காட்டிவிட வேண்டும். மூளை வேகமாக வளரும் வயது இது. பயிற்சி சட்டென்று ஒட்டும்.

எங்கே போவது? அங்கன்வாடிக்கு. முட்டைக்கும் சத்துமாவுக்கும் மட்டும் என்று நினைத்துவிட்டோம். 2013-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் மாவட்டத்திலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சிகிச்சை இலவசம்.

உங்களுக்கு இன்னொரு வசதி, ஆய்க்குடி பக்கத்திலேயே இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் அங்கே 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிப் போய்ப் பயிற்சி தருகிறார்கள். அதைப் பெற்றோருக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். வாரம் ஒருநாள் வருபவர் வழிதான் காட்டுவார். மற்ற ஆறு நாள் ஆசிரியர் நீங்களும் பாட்டியும்தான். (டி.வி. அல்ல!)

மகன் நாலு வயதில் பேசிய கதையைப் பாட்டி டாக்டரிடமும் சொல்லட்டும். அதுவும் அவருக்கு உதவும். இந்த வாரமே கிளம்புங்கள்.