குடைக்குப் பின்னால் ஒரு நகரம்

கேள்வி: குழுச் சுற்றுலாவில் ஐரோப்பா போகும் கல்லூரிப் பையன் ப்ராக் நகரத்தில் எதைத்தான் பார்க்கிறான்?

பதில்: பெரும்பாலும் வழிகாட்டி தூக்கிப் பிடித்த குடையை!

மணியடிக்கும் நேரம் பார்த்து அந்தக் குடை, 1410-இல் அமைத்த வானியல் கடிகாரத்தின் கீழ் வந்து நிற்கும். எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே இரண்டு ஜன்னல்களில் 12 அப்போஸ்தலர்கள் ஊர்வலம் போவார்கள். கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடத்தில் ஆட்டம் க்ளோஸ். பையன் அத்தனையையும் செல்போன் திரையிலேயே பார்த்து முடிப்பான். அதே கடிகாரத்தில், தற்பெருமைக்கு அடையாளமாக ஒரு பொம்மை கையில் கண்ணாடியோடு நிற்கிறது. செல்ஃபிக்காரனுக்கு நல்ல ஜோடி.

சார்லஸ் பாலத்திலோ 30 சிலைகள். பகலில் தோள் உரசாமல் நடக்க முடியாது. மற்றவர்கள் விடுதியில் குறட்டை விடும் விடியற்காலையில் எழுந்து போகச் சொல்லுங்கள். பாலத்தில் நடக்க டிக்கெட் கிடையாது.