ஆள் சேர்ந்தால்தான் எடுப்போம்

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கிச் செம்பாக்கம் வருகிற எவருக்கும் மென்பொருள் வெளியீடு பற்றி வகுப்பெடுக்க வேண்டியதில்லை. உள்ளே பீச் வண்டி நிற்கும். நேரமானால் கிளம்பிவிடும், நீங்கள் படிக்கட்டில் மூச்சிரைக்க ஓடிவருவது அதன் கவலை இல்லை. 1931இல் மின்சார ரயில் வந்ததிலிருந்து தாம்பரத்துக்காரன் கால்கள் அப்படித்தான் ஓடுகின்றன. வெளியே கிழக்குப் பக்கம் ஷேர் ஆட்டோ. "ஒரே ஒரு ஆள் சார், ஏறுனதும் எடுத்துடலாம்" என்பார் டிரைவர். அந்த ஒரு ஆள் ஏறியதும் இன்னும் ஒரு ஆள் பாக்கி இருக்கும். கட்டற்ற மென்பொருளின் வரலாறு இந்த இரண்டு வண்டிகளின் சண்டைதான் என்பது என் கட்சி.

முதலில் ஷேர் ஆட்டோ. பெயர் டெபியன், லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று. 1993இல் இயன் மர்டாக் கொண்டுவந்து ஸ்டாண்டில் நிறுத்தினார். கொள்கை எளியது: தயாரானதும் வெளியிடுவோம். எப்போது தயாராகும்? ஆனால் சொல்கிறோம்.

பாவம், 1.0 என்ற எண்ணே இதற்கு வாய்க்கவில்லை. 1995 கடைசியில் ஒரு சிடி கம்பெனி, பாதி வேலையில் கிடந்ததை அள்ளி '1.0' என்று லேபிள் ஒட்டி விற்றுவிட்டது. டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில் வேறு யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன கதை. டெபியன்காரர்கள் அந்த எண்ணைத் தலைமுழுகிவிட்டு 1996 ஜூன் 17இல் 1.1 என்று ஆரம்பித்தார்கள். அப்போது வண்டியில் இருந்தது 474 பொதிகள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் மூட்டைகள். தலைவர் புரூஸ் பெரன்ஸ் பிக்ஸாரில் வேலை பார்த்ததால் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' பொம்மைகளின் பெயர். படத்தில் பொம்மைகளைப் பிய்த்துப்போடுகிற பக்கத்து வீட்டுப் பையன் சிட். எப்போது உடையும் என்று தெரியாத அன்ஸ்டேபிள் பதிப்புக்கு நிரந்தரமாக அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். இவ்வளவு நேர்மையான விளம்பரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

'உட்டி' 2002 ஜூலையில் வந்தது. அடுத்த 'சார்ஜ்' வந்தது 2005 ஜூன் 6இல். ஏன் இவ்வளவு நேரம்? அந்த நாளில் சிட்டிடம் வந்துசேரும் ஒரு பொதி சாதாரணமாகப் பத்து நாள் பெரிய பக் இல்லாமல் தாக்குப்பிடித்தால்தான் 'டெஸ்டிங்' என்ற அடுத்த வரிசைக்குப் போக முடிந்தது. அது நம்பியிருக்கும் பொதியும் கூடவே தேற வேண்டும். அந்தப் பொதி நம்பியிருப்பதும். குடும்பத்தோடு ஆட்டோ ஏறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அத்தை ஏறினால்தான் மாமா ஏறுவார், மாமா வந்தால்தான் பெட்டி வரும், பெட்டி டீக்கடையில் இருக்கும். இத்தனை வருடம் காத்துக் கிளம்பிய சார்ஜில், சிடியிலிருந்து நிறுவினால் பாதுகாப்பு அப்டேட்டுக்கான வரி மட்டும் செயலற்றுக் கிடந்தது. சிடியைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். ஆள் சேர்ந்ததில் பிரேக்கைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

2006இல் ஒருவருக்கு யோசனை உதித்தது: டிரைவருக்குப் பேட்டா கொடுத்தால் நேரத்துக்கு எடுப்பாரே! 'டங்க்-டேங்க்' என்ற பெயரில் காசு திரட்டி, ரிலீஸ் மேனேஜர்கள் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து, டிசம்பர் 4இல் 'எட்ச்' பதிப்பைக் கொண்டுவரத் திட்டம். சும்மாவே உழைத்துக்கொண்டிருந்த மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? "அப்போ நாங்க யாரு?" சிலர் கிண்டலுக்கு 'டங்க்-பேங்க்' என்று எதிர்க்கடை போட்டார்கள். பக்குகளைத் தேடித்தேடிக் கண்டுபிடித்து வெளியீட்டைத் தள்ளிப்போடுவதே லட்சியமாம். எட்ச் 2007 ஏப்ரல் 8இல் வந்தது.

ரயிலைக் கொண்டுவந்தவர் மார்க் ஷட்டில்வொர்த். 2002இல் காசு கொடுத்து ராக்கெட் ஏறி விண்வெளிக்குப் போய்வந்தவர்; ராக்கெட் யாருக்காகவும் காத்திருக்காது என்பது அங்கே மனதில் பதிந்திருக்கும். 2004 அக்டோபரில் உபுண்டு 4.10. ஆண்டும் மாதமுமே வெர்ஷன் எண். ஆறு மாதத்துக்கு ஒரு வண்டி, தவறவிட்டவர் அடுத்த வண்டி. 2006இல் ஒரே ஒரு முறை சிக்னல் கோளாறு. ஏப்ரல் வண்டி ஜூன் 1இல்தான் வந்தது. எண்ணே தேதி என்பதால் 6.04 என்ற பலகையைக் கழற்றி 6.06 என்று மாட்ட வேண்டியதாயிற்று.

நேரம் தவறாத ரயில் என்று எல்லோரும் மெச்சினார்கள். ஒன்றை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. அந்த ரயில் பயணிகளில் பெரும்பாலோர் டெபியன் ஆட்டோவில் வந்து இறங்கியவர்கள். ஒவ்வொரு ஆறு மாதமும் சிட்டின் பொதிகளை அள்ளித்தான் உபுண்டு கிளம்பும். ஷேர் ஆட்டோ ஓடாவிட்டால் பீச் வண்டி காலிப் பெட்டிகளோடுதான் போக வேண்டும்.

நம்மூர் மினி பஸ்ஸும் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சிடாக்கும் சேர்ந்த என்ஆர்சிஃபாஸ் திட்டம். அதில் 2007இல் வந்தது பாஸ் லினக்ஸ். பெயர்தான் பாஸ், டெபியன் வந்து நின்ற பிறகுதான் இது கிளம்பும். பதிப்புகளுக்கு ஜோசியரிடம் கேட்டுவைத்த மாதிரி தரங், அனந்த், தேஜஸ் என்று பெயர்கள். பிற்காலத்தில் ஒரு தேஜஸ் ரயிலாகவே வந்து தாம்பரத்தில் நின்று மதுரைக்குப் போகிறது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸும் ஒண்டிக்குடித்தனம் இருந்தது.

இன்னும் மோசமான ஷேர் ஆட்டோக்களும் உண்டு. க்னூ திட்டத்தின் ஹர்ட் என்றொரு வண்டி 1990லிருந்து ஸ்டாண்டில் நிற்கிறது. 1.0 இன்னும் வரவில்லை. பெர்ல் 6 என்ற நிரல்மொழி கிறிஸ்துமஸுக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கிறிஸ்துமஸ் என்று சொல்லவில்லை. 2000இல் அறிவித்தது, 2015இல் வந்தது.

கடைசியில் டெபியனும் கொஞ்சம் இறங்கிவந்தது. 2009இல் ஃப்ரீஸுக்கு மட்டும் தேதி குறிப்பதாக முடிவு. அதாவது ஏறுவதற்குக் கடைசி நேரம் உண்டு, கிளம்பும் நேரம் கிடையாது. அந்தக் கடைசி நேரத்தையும் டிசம்பர் என்று அறிவித்து, சண்டை வந்து, அடுத்த ஆகஸ்டுக்குத் தள்ளினார்கள். ஆனாலும் அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒன்று வந்துவிடுகிறது.

அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் உபுண்டு இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பும். 2008 ஏப்ரல் பதிப்பை என் சோம்பலில் ஆகஸ்டில்தான் கேட்டேன். நவம்பர் முதல் வாரம் செம்பாக்கம் வீட்டுக்குக் கவர் வந்தது. அதற்குள் 8.10 வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஐந்து சிடிகள். நான்கை மொட்டைமாடியில் கிளி விரட்டக் கட்டினேன். ஐந்தாவதை, வழக்கமாக என்னை ஏற்றிவரும் ஷேர் ஆட்டோக்காரர் வாங்கி, ராத்திரியில் லைட் பட்டால் மின்னட்டும் என்று வண்டியின் பின்னால் ஒட்டினார். மறுநாள் சாயங்காலம் தாம்பரம் ஸ்டாண்டில் அந்த உபுண்டு இருபது நிமிடம் நின்றது. இன்னும் ஒரு ஆள் வரவேண்டியிருந்தது.