நூற்று எழுபது வயதானால் சலுகை உண்டு

சென்னையில் ஒரு பெரியவர் இருக்கிறார். பிறந்தது 1855-ல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில். பெயர் இ.ஐ.ஆர். 21. கிழக்கிந்திய ரயில்வேயில் கரி தின்று உழைத்து, 1909-ல் ஓய்வு பெற்ற நீராவி எஞ்சின். ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறு வருஷம் பொம்மையாய் நின்றவரை, பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள் 2010-ல் உயிர்ப்பித்து ஓட விட்டார்கள். அந்தக் கைகளுக்குத் தங்கக் காப்பே போடலாம். என் வயிற்றெரிச்சல் அவர்கள்மேல் இல்லை.

ஒற்றைப் பெட்டியை இழுத்துக்கொண்டு பெரியவர் எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை உலா போயிருக்கிறார். மாலை, மரியாதை, செல்ஃபி. மூட்டுக்கு எண்ணெய், பாய்லருக்கு வைத்தியம், மெயின் லைனில் தனி வழி. வயதானவர் அல்லவா!

அதே எழும்பூரின் டிக்கெட் கவுன்டரில் இன்னொரு பெரியவர் நிற்கிறார். வயது அறுபத்தெட்டுதான். இரும்பில் பிறக்காமல் சதையில் பிறந்தது அவர் செய்த தப்பு. 60 தாண்டிய ஆணுக்கு 40, 58 தாண்டிய பெண்ணுக்கு 50 விழுக்காடு என்று இருந்த சலுகையை, 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போயிற்று, முகக்கவசம் போயிற்று, சலுகை மட்டும் இன்னும் தனிமைப்படுத்தப்பட்டிருக்கிறது. கேட்டால், எல்லாப் பயணிகளுக்கும் சராசரியாக 46 விழுக்காடு மானியம் தருகிறோமே என்று நாடாளுமன்றத்தில் பதில். பந்தியில் எல்லோருக்கும் சோறு போட்டாயிற்று, பல் போன தாத்தாவுக்குத் தனியாக மோர் எதற்கு என்கிறார்கள். எல்லா எஞ்சினுக்கும்தான் எண்ணெய் விடுகிறோம், கிழட்டு எஞ்சினுக்குத் தனிக் கவனிப்பு எதற்கு என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

2025 ஜனவரியில் கோட்டா பக்கம் வந்தே பாரத் ஸ்லீப்பருக்குச் சோதனை ஓட்டம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம், மேஜைமேல் நிறைந்த தண்ணீர் டம்ளர், ஒரு சொட்டு சிந்தவில்லை. அமைச்சரே வீடியோ வெளியிட்டுப் பூரித்தார். நம் அன்ரிசர்வ்டு பெட்டியிலும் இந்தச் சாதனை நித்தம் நடக்கிறது. குழாயைத் திறந்து பாருங்கள், ஒரு சொட்டு சிந்தாது. வீடியோ எடுக்கத்தான் கையைத் தூக்க இடமில்லை.

ஊருக்கு இளைத்தவன் பாசஞ்சர். சோதனை வண்டி வந்தாலும் சுற்றுலா வண்டி வந்தாலும் லூப் லைனில் ஒதுங்குவது அவன்தான். கொரோனாவுக்குப் பிறகு அவனுக்கும் 'ஸ்பெஷல்' பட்டம் சூட்டி, குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாயை முப்பதாக்கினார்கள். பட்டம் வந்ததே தவிர வேகம் வரவில்லை. 2024 பிப்ரவரியில், தேர்தல் அவுட்டர் சிக்னலில் வந்து நின்றபோது, பழைய பத்து ரூபாய் திரும்பியது.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26, மதுரை, விடியாத நேரம். லக்னோவிலிருந்து கோயில் கோயிலாகச் சுற்றி வந்த தனியார் சுற்றுலாப் பெட்டியைக் கழற்றி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். உள்ளே கேஸ் அடுப்பைப் பற்றவைத்ததில் பெட்டி எரிந்து 9 பேர் செத்தார்கள். சிலிண்டரைச் சட்டவிரோதமாகக் கொண்டுவந்தார்கள் என்றது ரயில்வே. சரி, கொண்டுவந்தார்கள். 17-ஆம் தேதி கிளம்பிய பெட்டி அது. ஒன்பது நாள், வண்டிக்கு வண்டி மாட்டிக் கழற்றிய பெட்டிக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையா? கீரைக்கட்டோடு ஏறும் கிழவியின் கூடை மட்டும் எப்படி ஐயா உங்கள் கண்ணில் உடனே படுகிறது? மொத்தமாகப் பணம் கட்டிப் பெட்டியையே எடுத்தவனிடம் சோதனை போட உங்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சமும் சேர்ந்துதான் அன்று எரிந்தது.

மூத்த குடிமக்களே, மனந்தளர வேண்டாம். 1909-ல் ஓரங்கட்டப்பட்ட எஞ்சினை 101 வருஷம் கழித்துத் தேடிவந்து எண்ணெய் போட்டார்கள். உங்களை ஓரங்கட்டியது 2020-ல். 2121 வரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.