நண்டு ஓட்டில் நானோ

கே: தின்றுவிட்டு எறியும் நண்டு ஓட்டில் நானோ பொருள் தயாரிக்கிறார்களாமே, நிஜமா?

ப: நிஜம்தான். சாப்பிட்டவருக்குச் சதை, காத்திருந்தவருக்குக் கைட்டின்! ஜப்பானின் தொத்தோரி பல்கலைக்கழகத்தில் 2009-லேயே செய்து காட்டிவிட்டார்கள். ஓட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். காஸ்டிக் சோடாவில் கொதிக்கவிட்டால் புரதம் கழன்றுவிடும். மிச்சமிருக்கும் இழைப்பொருளான கைட்டினை ஈரம் காய்வதற்குள் கல் அரவையில் அரைத்தால், 10 முதல் 20 நானோமீட்டர் பருமனில் இழை இழையாகக் கூழ் வரும். காயவிட்டீர்களோ, ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரிக்க முடியாமல் திண்டாட வேண்டியதுதான்! இந்த இழைகளை அக்ரிலிக் பிசினோடு சேர்த்தால் ஒளி ஊடுருவும் உறுதியான தகடு கிடைக்கிறது; அழகுசாதனக் கிரீமிலும் சேர்க்கிறார்கள். அமிலக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவையும் கூட்டிப் பாருங்கள்: ஓடு ஓசி, நானோ காஸ்ட்லி. தயவுசெய்து வீட்டு மிக்ஸியில் முயல வேண்டாம்.