ஊருக்கே தெரிந்த ரகசியத்தைக் காப்பது எப்படி?

உங்கள் குடும்பத்தில் ஒரு ரகசியம் இருக்கிறது. இல்லை என்று தலையாட்டாதீர்கள். ஆட்டிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் அதைக் கட்டிக் காத்து வந்திருக்கிறீர்கள், பாராட்டுகள். ஆனால் முறைப்படி செய்கிறீர்களா? பலர் மனம்போன போக்கில் செய்து, பாதியில் உண்மையைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்காகவே ஒரு பாடநூல் இருக்கிறது, சினிமா வடிவில். ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதி ஸ்பெயினுக்குப் போய் ஸ்பானிய மொழியில் எடுத்து, 2018 கான் திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்த ‘டோடோஸ் லோ சபென்’. ‘எல்லோருக்கும் தெரியும்’ என்று பொருள்.

பயிற்சியில் முடிவு உட்பட முழுக் கதையும் வரும். படம் பார்க்காதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெயரிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

1. ரகசியத்தைத் தொலைவில் கொண்டுபோய் வையுங்கள்.

லௌராவைப் பாருங்கள் (பெனலோப்பே க்ரூஸ்). சொந்தக் கிராமத்தில் பாக்கோவைக் காதலித்தார் (ஹாவியர் பார்டெம், இருவரும் நிஜத்தில் கணவன் மனைவி). பிரிந்தார். அலெஹான்த்ரோவை மணந்து அர்ஜென்டினாவில் குடியேறினார். மகள் இரேனே அங்கேயே வளர்ந்தாள். இரேனேயின் அப்பா பாக்கோ. இது பாக்கோவுக்குத் தெரியாது, இரேனேவுக்கும் தெரியாது. நடுவில் அட்லாண்டிக் பெருங்கடல் கிடக்கும்போது கசிய வழியே இல்லை என்று உறுதியாக நம்புங்கள். ஊரில் விட்டுவந்தவர்களுக்கும் பத்து விரல்கள் உண்டு, மாதக் கணக்குப் போட அவை போதும் என்பதை நினைக்கவே கூடாது.

2. பிறகு அதைக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

தங்கை அனாவுக்குக் கல்யாணம். லௌரா மகளையும் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார். கணவர் வரவில்லை. பாக்கோ மனைவியோடு வந்து ஆடுகிறார். உங்கள் வீட்டு விசேஷத்திலும் இப்படித்தானே? யார் யார் எதிரெதிரே வரக் கூடாதோ அவர்கள்தான் முதல் வரிசையில் இருக்க வேண்டும். வீடியோவும் எடுங்கள், ட்ரோன் விட்டே எடுங்கள். அதை இரண்டு நாள் கழித்து ஒவ்வொரு முகமாக நிறுத்திப் பார்க்க வேண்டிவரும்.

முக்கியமான உப படி: கணவரின் நிதி நிலைமையை மறையுங்கள். அலெஹான்த்ரோ (ரிக்கார்டோ டரீன்) ஒரு காலத்தில் ஊர்த் தேவாலயத்துக்கு நன்கொடை கொடுத்தவர். இப்போது இரண்டு வருடமாக வேலையில்லை. ஊருக்கு முதல் செய்தி மட்டும் தெரிந்தால் போதும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கையில் காசில்லை என்பதை எந்த ஊரும் நம்பாது என்பதால் இந்த ரகசியத்தைக் காப்பது வெகு சுலபம். விலை பின்னால் வரும்.

3. பிள்ளையைக் காணோமா? போலீசுக்குப் போகாதீர்கள்.

கல்யாண ராத்திரி மின்சாரம் போகிறது, மழை கொட்டுகிறது, தூங்கப் போன இரேனேயைக் காணவில்லை. படுக்கையில் பழைய செய்தித்தாள் துணுக்குகள். முன்பு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றியவை. அலைபேசியில் செய்தி: 300,000 யூரோ. போலீசுக்குப் போனால் பெண் உயிரோடு வரமாட்டாள்.

பெற்றவர்கள் பயப்படுவது நியாயம். உங்களுக்கோ இந்த மிரட்டல்கூடத் தேவைப்படாது. சீருடையோடு ஒருவர் கூடத்தில் உட்கார்ந்தால் கேள்வி கேட்பார். பாட்டி பதில் சொல்லிவிடுவார். ஆகவே ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவரைச் சிநேகிதர் என்ற முறையில் வரவழையுங்கள். படத்தில் ஹோர்ஹே அப்படித்தான் வருகிறார். வந்தவர் ஒரு கேள்வி கேட்கிறார்: சின்னப் பையனைத் தூக்குவது சுலபமாயிற்றே, ஏன் பெரிய பெண்ணைத் தூக்கினார்கள்? படத்தின் மொத்த முடிச்சும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டத்தில் நீங்கள் செய்ய வேண்டியது: மனம் புண்படுங்கள். “எங்க குடும்பத்தைப் பத்தி என்ன நினைச்சீங்க?” என்று கேளுங்கள். குரல் சற்றே நடுங்கினால் நல்லது.

4. சந்தேகத்தை வரிசைப்படி விநியோகியுங்கள்.

முதலில் தோட்டத்துக்குப் பழம் பறிக்க வந்த கூலியாட்கள். அடுத்து, கல்யாண வீடியோ எடுத்த பையன்கள். பாக்கோவின் மனைவி பேயா பாடம் நடத்தும் சீர்திருத்தப் பள்ளியைச் சேர்ந்தவர்கள், கேட்கவா வேண்டும். அதற்கடுத்து வெளிநாட்டு மாப்பிள்ளை. கடனாளி, முன்னாள் குடிகாரர், எதற்கெடுத்தாலும் கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிறார். மகளைத் தானே கடத்தியிருப்பாரோ?

இரத்த உறவு இந்தப் பட்டியலில் எந்த இடத்திலும் வரக் கூடாது. ஆள் அங்கேதான் இருக்கிறார்.

(மேல்படிப்புக்கு ஆசைப்படுபவர்கள் ஃபர்ஹாதியின் 2009 படமான ‘அபௌட் எல்லி’யைப் பார்க்கலாம். காஸ்பியன் கடற்கரையில் ஒரு பெண் காணாமல் போகிறாள். கூடப் போன நண்பர்கள் நல்லெண்ணத்தோடு ஒரு பொய் சொல்கிறார்கள், அதைக் காப்பாற்ற அடுத்தது, அதைக் காப்பாற்ற அதற்கடுத்தது. கடத்தல்காரன் செலவே இல்லை.)

5. நிலத்தைக் கிளறுங்கள்.

இதை நிதானமாகச் செய்ய வேண்டும். அவசரப்படாதீர்கள்.

பெண்ணைக் காணோம், எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறார்கள். இதுவே சரியான நேரம். லௌராவின் அப்பா அந்தோனியோவை முன்னால் விடுங்கள். ஒரு காலத்தில் பெரிய நிலக்காரர். சூதாடித் தொலைத்தவர். ஆனால் அவர் மனத்தில் நிலம் இன்னும் அவருடையதுதான். ஊர்தான் ஏமாற்றிப் பிடுங்கிக்கொண்டது. பாக்கோ யார்? அந்த வீட்டில் வேலை செய்தவர்களின் மகன். லௌரா பணமுடையில் தன் பாகத்தை விற்றபோது வாங்கியவன். அன்று தரிசு. இன்று அதே மண்ணில் திராட்சைக்கொடி, கிடங்கில் ஒயின், பாக்கோவுக்கு ஊரில் மரியாதை. எப்படிப் பொறுப்பது?

கணக்குப் போடும் முறை இதுதான். விற்ற அன்றைய விலையை அடியோடு மறந்துவிடுங்கள். இன்றைய விலையை எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் அவன் கொட்டிய உழைப்பு, வாங்கிய கடன், தூங்காத இரவுகள் எதையும் கழிக்காதீர்கள். வரும் தொகைக்கு “அடிமாட்டு விலைக்கு வாங்கிட்டான்” என்று பெயர் வையுங்கள். காதலித்த பெண் என்பதால்தான் அவ்வளவு மலிவாகக் கொடுத்தாள் என்று சேர்த்துக்கொள்ளலாம். காதலைப் பற்றி யாரும் வாய்திறக்காத வீட்டில் அது தலைகாட்ட நிலத்தகராறைவிட நல்ல வாசல் கிடையாது. “நீங்கள் கேட்ட விலையைத்தானே கொடுத்தேன்” என்று அவன் சொன்னால், அவனுடைய அப்பா அம்மா யார் வீட்டில் வேலை செய்தார்கள் என்று ஞாபகப்படுத்துங்கள். நான்கு பேர் பார்க்கும்படி மதுக்கடையில் வைத்துச் சொன்னால் உத்தமம். அந்தோனியோ அப்படித்தான் செய்கிறார்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தில் ஆழப் புதைந்திருப்பது இரேனேயின் பிறப்பு அல்ல, இந்த நிலம். பிறப்பு ரகசியம் எந்த மெகா தொடரிலும் கிடைக்கும், படம் தடுமாறுவதும் அதை நம்பும்போதுதான். 2011-இல் ஃபர்ஹாதியே எடுத்த ‘எ செபரேஷன்’ படத்தின் இறுக்கம் இதில் இல்லை. ஆனால் நிலப் பேச்சு எழும் காட்சிகளில் ஃபர்ஹாதி பழைய ஃபர்ஹாதி. இரண்டு தரப்பும் நியாயம் பேசுகிறது, இரண்டும் அசிங்கமாக இருக்கிறது.

6. உண்மையைப் பணம் தேவைப்படும் நாளில் சொல்லுங்கள்.

இரேனே பிறந்தபோது சொல்லவில்லை, நடந்தபோது சொல்லவில்லை, பள்ளிக்கூடம் போனபோதும் சொல்லவில்லை. 300,000 யூரோ கேட்டார்கள். லௌரா பாக்கோவிடம் சொல்கிறார், அவள் உன் மகள் என்று. ‘நீ அப்பாவாகிவிட்டாய்’ என்ற நல்ல செய்தியும் அதற்கான ரசீதும் ஒரே மூச்சில். இதைவிடச் சிக்கனமான முறை இல்லை.

அவன் மனைவியிடம் கடைசியில் சொல்லுங்கள். ஒரு சின்ன சிக்கல்: கடத்தல்காரர்கள் முந்திக்கொண்டார்கள். மிரட்டல் செய்தி லௌராவுக்கு மட்டும் வரவில்லை, பேயாவின் அலைபேசிக்கும் வந்தது. இந்தக் குழந்தைக்கு யார் பணம் கட்டுவார் என்பதில் குழந்தையின் உண்மையான அப்பாவைவிடக் கடத்தியவர்களுக்குத் தெளிவு அதிகம்.

அலெஹான்த்ரோவிடம் சொல்லச் சங்கடமாக இருந்தால் கவலை வேண்டாம். அவருக்கு முதலிலிருந்தே தெரியும். அந்தக் குழந்தைதான் தன்னைக் குடியிலிருந்து மீட்டது என்கிறார் மனிதர். மற்ற உறவினர்கள்? முகத்தில் பெரிய ஆச்சரியம் எதுவும் தெரியாது. ரகசியத்துக்கு வெளியே நின்றவர்கள் இருவர்தான், அவளைப் பெற்றவனும் பிறந்தவளும்.

7. பில்லை ஒருவரிடம் நீட்டுங்கள்.

எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டால் பாசம் பெருகிவிடும் அபாயம் உண்டு. பாக்கோ தோட்டத்தில் தன் பங்கை விற்கிறான். பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். பெண் திரும்பி வருகிறாள். நிலமும் போயிற்று, மனைவியும் போய்விட்டாள். நன்றி சொல்லாதீர்கள், சொன்னால் எதற்கு என்று விளக்க வேண்டிவரும். பெண்ணைக் காரில் ஏற்றிக் கிளம்பிவிடுங்கள். அவர் ஏன் என்னைக் காப்பாற்றினார் என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு கேள்வி வரும். ஜன்னலைப் பாருங்கள். பழைய ரகசியம் கெட்டுப்போன அன்றே அடுத்ததைத் தொடங்கிவிட்டீர்கள்.

8. செருப்பைக் கழுவிவிடுங்கள்.

கடத்தியவர்களில் ஒருத்தி ரொசியோ. லௌராவின் அக்கா மரியானாவின் மகள், இரேனேவோடு அதே வீட்டில் சாப்பிட்டவள், அதே கூடத்தில் கூட உட்கார்ந்து அழுதவள். அவளும் அவள் கணவனும் கூட்டு. பெரியவர்கள் சமையலறையில் குரல் தாழ்த்திப் பேசுகிற வீட்டில் பிள்ளைகளுக்குக் காது கூர்மையாக வளரும். பரம்பரைச் சொத்து கைவிட்டுப் போனதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தால் அதை மீட்கும் யோசனையும் கூடவே வளரும். நீங்கள் ஊட்டியதுதான்.

மகளின் காலணியில் ஒட்டியிருந்த சேறு மரியானாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அவர் முறை தவறுகிறார். கழுவி வெயிலில் வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஊர்ச் சதுக்கத்தில் கணவர் ஃபெர்னாந்தோவைக் கூப்பிட்டு, எதிரில் உட்கார்த்தி, பேச வாயெடுக்கிறார். ஃபர்ஹாதி அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிடுகிறார். என்ன சொன்னார், சொன்னாரா என்பதே நமக்குக் கிடையாது.

அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்கு எழுத வேண்டாம். தெரியும்.