தலைப்பிரசவக் கணக்கில் சில தணிக்கைக் குறிப்புகள்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர் ஒருவர், தஞ்சாவூர்.

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள், நாலு மாடித் தனியார் மகப்பேறு மருத்துவமனை. (பெயர் வேண்டாம். போர்டில் போதுமான அளவு பெரிதாகவே எழுதியிருக்கிறீர்கள்.)

பொருள்: மகள் தலைப்பிரசவம் – கர்ப்பகாலக் கவனிப்பு – ரசீதுகளில் எழும் ஐயங்கள் – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் மருத்துவமனை ரசீதுகள், ஒரு மஞ்சப்பை நிறைய.

ஐயா,

சர்வீஸ் முழுக்க அடுத்தவர் பில்லைப் பாஸ் பண்ணிய கை இது. பயணப்படி பில்லில் ஒரு பஸ் டிக்கெட் இல்லையென்றாலும் திருப்பி அனுப்பியவன். இன்று நான் கட்டும் பில்லைத் தணிக்கை செய்ய நாதியில்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன். தலைப்பிரசவச் செலவு பெண் வீட்டாருடையது என்று எந்த அரசாணையிலும் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் அது தடையில்லாமல் அமலில் இருக்கிறது. உங்கள் காசாளருக்கும் இது தெரியும். மாப்பிள்ளை கார்டை நீட்டினால்கூட அந்தப் பெண் என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கழிப்பறை சுத்தம். கர்ப்பிணியை யாரும் அதட்டுவதில்லை. இந்த இரண்டுக்காகவே பாதி ஊர் உங்களிடம் வருகிறது என்பது என் கணிப்பு. இந்த இரண்டை மட்டும் அரசாங்கம் எல்லா இடத்திலும் சரிசெய்துவிட்டால் உங்கள் மேல்மாடியை வாடகைக்கு விட வேண்டிவரும்.

காலை பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட் என்பீர்கள். பத்து மணிக்கு வந்து சேர்ந்தால், "டாக்டர் தியேட்டர்ல இருக்காங்க." பன்னிரண்டு மணிக்கும் தியேட்டரில்தான். இவ்வளவு நேரம் தியேட்டரில் என்னதான் வேலை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன். அதுவரை ஹாலில் உட்கார்ந்திருக்கும் வயிற்றுப்பிள்ளைக்காரிகளிடம் டை கட்டிய ஒரு தம்பி தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கச் சொல்லிக்கொண்டே வருகிறார். "பாப்பாவோட எதிர்காலத்துக்கு ஒரு பாதுகாப்பு சார்." பிற்காலத்தில் தனக்கே பயன்படும் என்று ஒரு குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று 2017இல் வந்த தேசிய ஸ்டெம்செல் வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. அந்தத் தம்பிக்கு உங்கள் ஹாலில் நாற்காலி போட்டது யார் என்பது என் முதல் ஐயம்.

ஒருவழியாக டோக்கன் வந்தது. மகள் ஒரு டைரியில் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தாள். தூக்கம் வரவில்லை என்றாள். அது எல்லோருக்கும் இருப்பதுதான் என்றார் மருத்துவர். நெஞ்செரிச்சல் என்றாள், ஒரு சிரப் எழுதினார். "வலி வந்தா எப்போ கிளம்பி வரணும் டாக்டர்?" என்று கேட்டு முடிப்பதற்குள் நர்ஸ் கதவைத் திறந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு டிக் போட்டுக்கொள்ள இடம் விட்டு வைத்திருக்கிறாள் மகள். இன்னும் காலியாக இருக்கிறது. ஆலோசனைக் கட்டணம் மட்டும் முழுதாகப் பெறப்பட்டது.

ஸ்கேன்களுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருபத்து நாலு வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறது. நம் மருத்துவர்கள் பதினொன்று முதல் பதின்மூன்று வாரத்துக்குள் ஒன்றும், பதினெட்டு இருபது வாரத்தில் உறுப்புகளைப் பார்க்க ஒன்றும் வேண்டும் என்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன், இரண்டாவது ஸ்கேனில் இதயத்தின் நாலு அறைகளையும் ஸ்கேன் எடுத்த அம்மா காட்டியபோது கட்டணத்தை நானே மறந்துவிட்டேன். ஆனால் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இல்லாத பெண்ணுக்கு அதன்பிறகு வளர்ச்சி ஸ்கேன், டாப்ளர், மறுபடி வளர்ச்சி ஸ்கேன், குழந்தையின் முகம் தெரிய ஃபோர்-டி ஸ்கேன் என்று வரிசை கட்டி நிற்பது எந்தத் தலைப்பின் கீழ் வரும்? முகத்தை நாங்கள் பிறந்த பிறகு பார்த்துக்கொள்கிறோம். ஸ்கேனுக்குத் தடவும் ஜெல்லுக்குத் தனி ரசீது போட்டிருப்பதையும் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். டீக்கடையில் கூட சர்க்கரைக்குத் தனிக் காசு வாங்குவதில்லை.

மருந்துக்கடை விவகாரத்தைச் சுருக்கமாகவே முடிக்கிறேன். சீட்டில் இருக்கும் இரும்புச்சத்து மாத்திரை உங்கள் கீழ்த்தளத்தைத் தவிர உலகில் வேறெங்கும் கிடைப்பதில்லை. மருந்தை எங்கே வாங்குவது என்பது நோயாளியின் விருப்பம் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தொகுத்த நோயாளர் உரிமைப் பட்டியல் சொல்கிறது. அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்ட இடம் இல்லை. அங்கே தாய்மை போட்டோஷூட் விளம்பரம் இருக்கிறது.

இதற்கு நடுவே அரசாங்கத்தின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி நம்பர் கேட்டீர்கள். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. ஆனால் அதை வாங்கித் தருவது உங்கள் பேக்கேஜில் இல்லையாம். நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த செவிலியர் பதிவு போட்டு, எடை பார்த்து, இரும்புச்சத்து மாத்திரையைக் காசு வாங்காமல் கொடுத்தார். மறுமாதம் போன் பண்ணி, "மாத்திரை சாப்பிடறியா கண்ணு, கறுப்பா மோஷன் போகும், பயப்படாதே" என்று சொன்னார். மாத்திரையை டீயோடு சாப்பிடக் கூடாது என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்த்தால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியும் உண்டு என்றார். நாங்கள் அதை விட்டுவிட்டு உங்களிடம் வந்திருக்கிறோம். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி தியேட்டர்.

பேக்கேஜ் பேச ஒரு பெண்ணை உட்கார வைத்திருக்கிறீர்கள். சுகப்பிரசவத்துக்கு ஒரு தொகை, சிசேரியனுக்கு ஒரு தொகை. ரோஜா அறை, தாமரை அறை. குழந்தை மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், மருந்து, இன்குபேட்டர் எல்லாம் தனி. அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கா சார்?" மாப்பிள்ளையின் கம்பெனி பாலிசியில் மகப்பேறுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று சொன்னதும், மதிப்பீடு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்து நின்றது. எங்கள் துறையில் இப்படி ஒரு பட்ஜெட் வந்தால் சந்தேகப்படுவோம்.

அடுத்து சிரித்துக்கொண்டே, "நல்ல நாள் பாத்துச் சொல்லிடுங்க சார், அஷ்டமி நவமி இல்லாம டாக்டர் ஸ்லாட் கொடுத்துடுவாங்க" என்றார். வலி இன்னும் வரவில்லை. குழந்தை தலை திரும்பி ஒழுங்காக இருக்கிறது. தேதி மட்டும் ரெடி. எங்கள் சம்பந்தியும் உடனே மூலம், ஆயில்யம் தவிர்த்து ஒரு நட்சத்திரப் பட்டியலை எடுத்து நீட்டினார். இருவரும் ஒருவரையொருவர் அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

"சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணுவீங்களா?" என்று கேட்டேன். "கண்டிப்பா ட்ரை பண்ணுவோம் சார், கடைசி நிமிஷத்துல தண்ணி குறைஞ்சா, கொடி சுத்தியிருந்தா..." என்று இழுத்தார். எனக்கு ஏற்கெனவே பதில் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

தேசியக் குடும்பநல ஆய்வை (2019-21) எடுத்துப் பார்த்தேன். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. அதுவும் குறைவில்லை, அங்கேயும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நாட்டில் தனியார் துறையின் சராசரியே 47.4. உலக சுகாதார நிறுவனமோ, ஒரு சமூகத்தில் சிசேரியன் பத்து சதவீதத்தைத் தாண்டிய பிறகு தாய் சேய் மரணம் குறைவதில்லை என்று 2015இல் சொன்னது. கத்தியை நான் பழிக்கவில்லை. என் அக்காவும் அவள் குழந்தையும் இன்று இருப்பது கத்தியால்தான். என் கேள்வி கணக்கைப் பற்றியது. உங்களைப் போன்ற இடங்களுக்கு வரும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பெண்களின் உடம்பில் கடைசி நிமிஷத்தில்தான் கோளாறு வரும் என்பது எந்த உடற்கூறு நூலில் இருக்கிறது?

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்று வாசலில் ஒரு போர்டு வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஃபார்ம் எஃப்-இல் கையெழுத்தும் வாங்குகிறீர்கள். பாராட்டுகிறேன். அதன் பக்கத்திலேயே இன்னொரு போர்டு வையுங்கள்: சென்ற மாதம் இங்கே நடந்த பிரசவங்கள் இத்தனை, அவற்றில் சிசேரியன் இத்தனை, முதல் பிரசவக்காரிகளில் எத்தனை பேருக்கு, என்ன காரணத்துக்காக. பெயர் வேண்டாம், எண் போதும். அந்த விவரம் ஏற்கெனவே உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. வாசல் வரை வருவதுதான் பாக்கி. அந்த எண்ணைப் பார்த்த பிறகும் உங்களிடமே வருகிறவர்கள் தெரிந்து வருகிறவர்கள். அவர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், ஜெல்லுக்கும் சேர்த்து.

மகளுக்கு முப்பத்தாறு வாரம் முடிந்துவிட்டது. அடுத்த செக்கப் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு டாக்டர் தியேட்டரைவிட்டு வெளியே வந்தால், டைரியில் காலியாக இருக்கும் அந்தக் கேள்விக்கும் ஒரு பதில் வாங்கித் தரும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பணம் கட்டுபவர்