ஹேவ் போட்டால் தேதி கிடையாது

பெறுநர்: ஆங்கிலப் பாடநூல் எழுதுவோர், வினாத்தாள் அமைப்போர், விடைத்தாளில் சிவப்பு மை தீட்டுவோர் அனைவரும், கல்லூரிச் சாலை, சென்னை – 6.

பொருள்: பிரசென்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ் பயில்வதில் எளாவூர் வட்டாரப் பிள்ளைகள் படும் பாடு – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூல்; அதைப் பார்த்து எழுதிய நோட்ஸ்; அந்த நோட்ஸைப் பார்த்து எழுதிய கைடு.

ஐயா, அம்மையீர்,

சென்னையிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயில் பெரும்பாலும் கும்மிடிப்பூண்டியோடு திரும்பிவிடும். சூளூர்ப்பேட்டை வரை போகிற வண்டிதான் அடுத்ததாக எளாவூரில் நிற்கும். கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் ஸ்ரீஹரிகோட்டா, வடக்கே எட்டிப் பார்த்தால் ஆந்திரா. லாரிக்காரர்களுக்கு எளாவூர் என்றால் சோதனைச்சாவடி, அவ்வளவுதான். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவதாக வந்து சேர்கிறது. சிம்பிள் பாஸ்ட்டில் அவர்களுக்குத் தகராறு இல்லை. கோ, வென்ட், கான் என்று வி1, வி2, வி3 பட்டியலை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அந்த வி3க்கு முன்னால் ஹேவ் வந்து உட்காரும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

ஏரிக்கரையில் விடிகாலையில் ஒரு அப்பா படகைத் தள்ள வருகிறார். இரவில் அவர் அங்கே இல்லை. மணலில் ஈரம் எதுவரை போயிருக்கிறது, பாசி எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்க்கிறார். "டேய், ராத்திரி தண்ணி ஏறியிருக்குடா" என்கிறார். கண்ணால் கண்டிருந்தால் "ஏறுச்சு" என்றிருப்பார். காணாமல் தடயத்தை வைத்துச் சொல்வதால் "ஏறியிருக்கு". இந்த நுட்பத்தைப் பையனுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. நடை பழகும்போதே கூட வந்துவிட்டது. அவன் வகுப்புக்குப் போய் அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்குகிறான்: "தி வாட்டர் ஹேஸ் ரிஸன் லாஸ்ட் நைட்."

சிவப்புக் கோடு. மதிப்பெண் பூஜ்யம்.

காரணம் தாங்கள் அறிந்ததே. ஹேவ், ஹேஸ் போட்ட வாக்கியத்துக்குள் நேற்று, போன வாரம், 2019 என்று முடிந்துபோன நேரம் எதுவும் நுழையக் கூடாது. நுழைந்தால் வாக்கியம் செல்லாது. தமிழில் "-இருக்கு"க்கு அப்படியொரு தீட்டு இல்லை. "நேத்தே வந்திருக்காரு, எனக்குத்தான் தெரியல" என்பது சுத்தமான தமிழ். செய்தித்தாள்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், விபத்தைக் கண்ணால் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் "நேற்று உயிரிழந்துள்ளார்" என்றே எழுதுகிறார்கள். ஆக, பையன் ஆங்கிலத்தில் தோற்றது தமிழ் நன்றாகத் தெரிந்ததால். இதற்கு மதிப்பெண் கொடுக்கும் பத்தி தங்கள் விடைக்குறிப்பில் இல்லை.

இந்த விதி உலகப் பொது விதியா என்றால் அதுவும் இல்லை. ஜெர்மன்காரர் ஹேவுக்கு நிகரான சொல்லையும் நேற்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கிறார். லண்டன்காரர் "ஹேவ் யூ ஈட்டன் எட்?" என்று கேட்கும் இடத்தில் அமெரிக்கர் "டிட் யூ ஈட் எட்?" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார். ஆங்கிலம் மட்டும் ஏன் இப்படி அடம்பிடிக்கிறது என்று மொழியியலாளர்களே மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வொல்ஃப்காங் கிளைன் என்ற ஜெர்மானிய அறிஞர் 1992இல் 'லாங்குவேஜ்' ஆய்விதழில் இதைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரைக்குத் தலைப்பே "பிரசென்ட் பெர்ஃபெக்ட் புதிர்" என்பதுதான். அறிஞர்கள் புதிர் என்று கைகட்டி நிற்கும் விஷயத்தைத் தாங்கள் ஒரு மார்க் கோடிட்ட இடமாக்கி, விடையும் ஒன்றுதான் என்று முடித்துவிட்டீர்கள். தங்கள் துணிச்சலைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு தொல்லை, சின்ஸ். "நேத்துலேருந்து மழை பெய்யுது" என்பதில் மழை இப்போது பெய்கிறது, ஆகவே நிகழ்காலம். தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட நியாயம் என்ன வேண்டும்? "இட் இஸ் ரெயினிங் சின்ஸ் எஸ்டர்டே" என்று எழுதினால் தப்பு. "ஹேஸ் பீன் ரெயினிங்" என்று எழுத வேண்டுமாம். "சின்ஸைப் பார்த்தா ஹேஸ் பீன் போடு, யோசிக்காதே" என்கிறார் டியூஷன் வாத்தியார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. யோசித்தவன்தான் தோற்றிருக்கிறான்.

பார்வையில் கண்ட ரென்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.சி. ரென் இந்தியக் கல்விப் பணியில் இருந்தவர். பிறகு பிரெஞ்சு அந்நியப் படையை வைத்து 1924இல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதிப் பெரும் பெயர் வாங்கினார். சீமையில் நாவலுக்காக நினைவில் நிற்கும் மனிதரை நாம் இலக்கணத்துக்காகக் கும்பிடுகிறோம். எந்தப் புத்தகத்தில் சாகசம் அதிகம் என்பதைப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நம் ஊர் இலக்கணக்காரர்களுக்கு இத்தனை கறார் கிடையாது. காலம் மூன்று என்று வகுத்த தொல்காப்பியமே, விரைவு கருதி மற்றக் காலங்களையும் இறந்த காலமாகச் சொல்லலாம் என்று வழிவிட்டது. பின்னால் வந்த நன்னூலும் காலவழுவமைதி என்று அதற்கு இடம் வைத்தது. இலையில் சோறு மிச்சம் இருக்கும்போதே, வாசலில் கூப்பிடுகிறவனுக்கு "உண்டேன், வந்தேன்" என்று குரல் கொடுப்பவனை உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். இன்றைக்கு கும்மிடிப்பூண்டி பிளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டு போனில் "இதோ எளாவூர் வந்துட்டேன்" என்பவர் அதே மரபின் வாரிசு. பொய் சொல்கிறார் என்று வீட்டில் கோபித்துக்கொள்ளலாம். இலக்கணப்படி குற்றமில்லை.

தங்கள் விதிக்கு நல்ல உதாரணம் வேண்டுமானால் ஏரிக்கு அக்கரையில், ஸ்ரீஹரிகோட்டாவிலேயே கிடைக்கும். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வரும். தொழில் போன எரிச்சலோடு, தலைக்கு மேலே போகிற புகையையும் பார்த்துக்கொள்வார்கள். சந்திரயான்-3 அங்கிருந்து 2023 ஜூலை 14 அன்று கிளம்பி ஆகஸ்ட் 23 மாலை நிலவில் இறங்கியது. அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் அப்போது பிரதமரிடம் "வீ ஹேவ் அச்சீவ்டு சாஃப்ட் லேண்டிங் ஆன் தி மூன்" என்றார். பாடநூலில் அச்சடிக்கத் தக்க பிரசென்ட் பெர்ஃபெக்ட். காரியம் முடிந்தது, பலன் கண்முன்னே நிற்கிறது, தேதி சொல்லத் தேவையில்லை. இஸ்ரோவின் எக்ஸ் தளச் செய்தியோ, விண்கலமே பேசுவதுபோல "ஐ ரீச்டு மை டெஸ்டினேஷன்" என்று சிம்பிள் பாஸ்ட்டில் தொடங்கி, அடுத்த வரியிலேயே "ஹேஸ் சக்சஸ்ஃபுல்லி சாஃப்ட்-லேண்டட்" என்று பெர்ஃபெக்ட்டுக்குத் தாவியது. ஒரே இறக்கம், இரண்டு டென்ஸ். யாரும் சிவப்புக் கோடு போடவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏன் என்று கேட்டால் ஒரு பீரியட் போதும், பாதி வகுப்புக்கு விளங்கிவிடும். பாடநூலிலோ இன்னும் ராமன் மாம்பழம் சாப்பிட்டு முடித்தபாடில்லை.

உண்மையில் இந்த டென்ஸின் மேதைகள் வெளியே இல்லை, அரசு அலுவலகங்களில்தான் இருக்கிறார்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்துவிட்டு வருகிறவருக்கு என்ன பதில் வருகிறது? "தங்கள் மனு பெறப்பட்டுள்ளது." "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது." "நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது." எல்லாமே ஹேஸ் பீன். எடுத்தது யார் என்று இல்லை, ஏனென்றால் செயப்பாட்டுவினை. எப்போது என்று இல்லை, ஏனென்றால் பெர்ஃபெக்ட். ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள முகத்துவாரம் மணல் தூர்ந்து படகு தட்டுவது பழவேற்காட்டில் பழைய கதை. அதைத் தூர்வாரி நிரந்தரமாகத் திறந்து வையுங்கள் என்ற கோரிக்கையும் அதே வயதுதான். மீனவர் கேட்டது "எப்போ?" என்ற ஒரே கேள்வி. அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லக் கூடாது என்று தடை விதித்த டென்ஸ் உலகில் ஒன்று இருக்கிறது, அதைத்தான் அவர் மகனுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறீர்கள்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து அடுத்த பதிப்பில் வாய்பாட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, தமிழ் "-இருக்கு" எங்கே ஆங்கில ஹேவோடு ஒத்துப்போகிறது, எங்கே முறைத்துக்கொள்கிறது என்று நாலு பக்கம் எழுத வேண்டும். "ஏறியிருக்கு" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அது போதும். மாம்பழத்துக்குப் பதில் சந்திரயானைப் போடுங்கள். லாஸ்ட் நைட்டை ஹேவோடு சேர்த்து எழுதிய பிள்ளைக்கு அரை மதிப்பெண்ணாவது கொடுங்கள். அவன் அப்பா சொன்னதில் பிழையில்லை.

மாதிரி வாக்கியங்கள் கிடைக்காவிட்டால் பக்கத்து அலுவலகங்களின் பதில் கடிதங்களைப் பயிற்சியாகக் கொடுக்கலாம்: "கீழ்க்கண்ட வாக்கியங்களை சிம்பிள் பாஸ்ட்டுக்கு மாற்றுக, செய்தவர் பெயரும் தேதியும் தவறாமல் குறிப்பிடுக." பிள்ளைகள் செய்துவிடுவார்கள். அலுவலகங்களும் முயன்று பார்க்கட்டும்.

இப்படிக்கு,
எளாவூர், ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் பக்கத்து வி3 படிக்கும் பிள்ளைகளின் சார்பில்.

பி.கு.: இந்த மனு கிடைத்ததும் பெற்றுக்கொண்ட தேதியைப் போட்டு ஒரு வரி எழுதவும்.